ஒரே கூடையில அஞ்சு வகை "நாட்டுக்கோழி": சிறுவிடை வளக்க நெனைக்கவங்க போட வேண்டிய கணக்கு

செவ்வாக்கெழம காலையில திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தையில கோழிக்கூடை பக்கமா போய் நின்னு, "அண்ணாச்சி, இது சிறுவிடைதானா?"ன்னு கேட்டுப் பாருங்க. "சுத்தமான நாட்டுக்கோழி தம்பி, கண்ண மூடிக்கிட்டு கொண்டு போங்க"ன்னு பதில் வரும். சிறுவிடைங்கது நாட்டுக்கோழியில ஒரு சின்ன ஒடம்பு இனம், தான் போட்ட முட்டை மேல தானே அடை படுத்து குஞ்சு பொரிக்கும். கேட்டது சிறுவிடையான்னு, பதில் நாட்டுக்கோழின்னு. மொத்தக் கொழப்பமும் இந்த எடத்துலதான் ஆரம்பிக்கு.

வாங்கிட்டு வந்து ஏழெட்டு மாசத்துல ரெண்டு விதமான பொலம்பல் கேக்கலாம். ஒரு வீட்ல, "கோழி நல்லாத்தான் முட்டை போடுது, ஆனா அடையில உக்கார மாட்டேங்கு, குஞ்சே எடுக்க முடியல"ம்பாங்க. அடுத்த வீட்ல, "பன்னெண்டு முட்டை போட்டுச்சு, அப்புறம் மூலையில போய் படுத்தது படுத்ததுதான், எந்திரிக்கவே மாட்டேங்கு, தெண்டத்துக்கு தீனி போடுதோம்"ம்பாங்க. ரெண்டு பேருமே ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுதாங்க, ஆனா சிறுவிடைன்னு கேட்டு வாங்கியிருந்தா ஏமாந்தது மொத ஆளு மட்டுந்தான். ரெண்டாவது ஆளு கையில இருக்கது அசல் சரக்கு.

மொதல்ல பேரு: இனம், ரகம், கலப்பு

இந்த மூணு சொல்லையும் ஒண்ணாப் போட்டு கொழப்பிக்கிடுதோம். இனம்னா அப்பன், ஆத்தா, குஞ்சு எல்லாம் ஒரே குணத்துல வரணும், பேரன் பேத்தி வந்தாலும் அந்த குணம் மாறக்கூடாது. ரகம்னா ஆராய்ச்சி நிலையத்துல ரெண்டு மூணு கோழி வம்சத்த கணக்குப் பண்ணி சேத்து, கறிக்கோ முட்டைக்கோன்னு உண்டாக்குனது. கலப்புன்னா யாரும் திட்டம் போடாம தெருவுல ஓடுன சேவல் பாத்த வேலை. சந்தைக் கூடையில "நாட்டுக்கோழி"ங்க ஒரே பேருல கெடக்கது ஏறத்தாழ இவ்வளவும்:

1. சிறுவிடை. வெடக்கோழின்னு எளங்கோழிய சொல்லுதோம்லா, அந்த "விடை"தான் இதுலயும் இருக்கு. பெட்டை ஒண்ணு ஒண்ணேகால் கிலோ, சேவல் ஒண்ணரை ரெண்டு கிலோ. நெறம் எதுவும் வரும், கருப்பு, செவலை, புள்ளி, சாம்பல். நெறத்த வச்சு இத அடையாளம் சொல்ல முடியாது, ஒடம்பு அளவும் குணமும்தான் அடையாளம்.

2. பெருவிடை. அசில் வகை, சேவக்கட்டுக்காக காலங்காலமா பொறுக்கி எடுத்து வளத்தது, சேவல் மூணு நாலு கிலோ போகும். அழகுக்கு வளக்க கிளிமூக்கு விசிறிவாலும் இந்த வம்சந்தான். பெட்டை முட்டை கம்மியாத்தான் போடும், கனத்த ஒடம்புங்கதால அடையில முட்டைய மிதிச்சு ஒடைச்சிரும். அதனால வெவரம் தெரிஞ்சவங்க பெருவிடை முட்டைய சிறுவிடைக்கு அடியில வச்சுதான் குஞ்சு எடுப்பாங்க.

3. கருங்கோழி, அதாவது கடக்நாத். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்து இனம், 2018-ல அதுக்கு புவிசார் குறியீடும் குடுத்தாச்சு. அந்த ஊருக்கு அது நாட்டுக்கோழி, நம்மூருக்கு விருந்தாளி. அடையில உக்காருததுல ரொம்ப சுமார்.

4. வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா, நந்தனம் 4, நாமக்கல் 1. மொத ரெண்டும் ஐதராபாத்துல, மூணாவது பெங்களூர்ல, கடைசி ரெண்டும் நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துல உண்டாக்குனது. புறக்கடையில கொஞ்சமா செலவு பண்ணி கூட முட்டையும் கறியும் எடுக்கணும்னு உருவாக்குன நல்ல ரகங்கள், குறை சொல்ல ஒண்ணுமில்ல. நாட்டுக்கோழின்னு பேர மாத்தி விக்கதுதான் தப்பு.

5. சோனாலி. பங்களாதேஷ்காரங்க ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்து நாட்டு ஃபயோமி பெட்டையையும் சேத்து உண்டாக்குனது. பாக்கதுக்கு அப்படியே நம்மூரு கோழி மாதிரி இருக்கும், ரெண்டு ரெண்டரை மாசத்துல கறிக்கு வந்துரும். ஓட்டல்ல "நாட்டுக்கோழி பிரியாணி"ன்னு தட்டுல வாரது இதுவாவும் இருக்கலாம்.

"காலு மஞ்சளா இருந்தா கலப்பு"ன்னு ஒரு பேச்சு ஓடுது, அத நம்ப வேண்டாம். ஒலகத்துக் கோழி எல்லாத்துக்கும் மூதாதை தென்கிழக்கு ஆசியாவுல உள்ள செவப்புக் காட்டுக்கோழி, ஆனா மஞ்சத் தோலுக்கான மரபணு மட்டும் அதுல இருந்து வரல, சாம்பல் காட்டுக்கோழியில இருந்து வந்துச்சுன்னு 2008-ல ஆராய்ச்சியில கண்டுபிடிச்சாங்க. சாம்பல் காட்டுக்கோழி எங்க இருக்கு? நம்ம களக்காடு முண்டந்துறை காட்டுலதான் கூவிக்கிட்டு கெடக்கு. அதனால மஞ்சக்காலு ஒண்ணும் சீமைச் சரக்கு இல்ல.

அடைங்கது என்ன

கோழி ஒரு சுத்து முட்டைய போட்டு முடிக்கும்போது அது மூளைக்கு அடியில உள்ள பிட்யூட்டரி சுரப்பியில இருந்து புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் கூடுதலா சுரக்கும். அது கூடுனதும் முட்டைப்பை வேலை நின்னுரும், வயித்துல இறகு உதுந்து தோலு சூடா முட்டையில படும், கோழி குரலே மாறும். கிட்ட கைய கொண்டு போனா ஒடம்ப ரெண்டு மடங்கா ஊதிக்கிட்டு கொர்ர்ருன்னு ஒரு சத்தம் போட்டு கையில ஒரு போடு போடும். தீனிக்கும் எச்சத்துக்கும் ஒரு நாளைக்கு ஒரு தடவ எறங்கும், பத்து இருவது நிமிசத்துல திரும்பி வந்து படுத்துக்கிடும். 21 நாள் இப்படியே. சில ஊர்ல இத அவயம்னும் சொல்லுவாங்க.

பண்ணைக்காரங்களுக்கு இந்த குணம் நட்டம். கோழி படுத்துட்டா முட்டை கெடையாது. அதனால லெகார்ன் மாதிரி முட்டைக்கோழியில படுக்காத கோழியவே பொறுக்கிப் பொறுக்கி தலைமுறை தலைமுறையா எடுத்து அடை குணத்த கிட்டத்தட்ட தொடச்சு எறிஞ்சுட்டாங்க, அதுக்குப் பதிலா இன்குபேட்டர் வந்துச்சு. நாமக்கல் பண்ணைக் கோழி வருசத்துக்கு 300 முட்டைக்கு மேல போடுது, தான் போட்ட முட்டையில ஒரு குஞ்சு கூட பொரிக்கத் தெரியாது. நம்மூரு சிறுவிடை 40-லேருந்து 60 வரைக்கும் போடும், ஆனா அடுத்த தலைமுறைய அதுவே உண்டாக்கி, பருந்துகிட்ட இருந்து காப்பாத்தி, எது கொத்தணும் எது கொத்தக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்து ஆளாக்கி விட்டுரும். முட்டை கொறையுததும் குஞ்சு கெடைக்கதும் ஒரே குணந்தான். 300 முட்டையும் வேணும், அடையும் வேணும்னு கேட்டா அப்படி ஒரு கோழி எங்கயும் கெடையாது.

முட்டைக் கணக்கு

1. ஒரு சுத்துக்கு 10-லேருந்து 15 முட்டை, போட்டு முடிக்க ரெண்டு மூணு வாரம்.
2. அடையில 21 நாள்.
3. குஞ்சோட திரியுதது ரெண்டு ரெண்டரை மாசம். அதுக்கப்புறந்தான் தாய் குஞ்ச கொத்தி வெரட்டும், மறுபடி முட்டைக்கு வரும்.

மொத்தம் நூறு நூத்திப் பத்து நாள், ஆக வருசத்துக்கு மூணு சுத்து, முந்துனா நாலு. 40-60 முட்டைங்க கணக்கு இப்படி வந்ததுதான், கோழிக்கு சோம்பேறித்தனம் ஒண்ணும் இல்ல.

பேச்சுக்கு ஒரு கோழி மூணு சுத்துலயும் பத்துப் பத்து குஞ்சு எடுக்குன்னு வைங்க, முப்பது குஞ்சு. பாதி பருந்துக்கும் பூனைக்கும் நோய்க்கும் போனாலும் வருசத்துக்கு பதினஞ்சு உருப்படி. அஞ்சு பெட்டை வச்சிருக்க வீட்டுக்கு குஞ்சு வாங்குத செலவே கெடையாது. ரகக்கோழி வாங்குனவங்க முட்டைய தின்னுக்கிட்டே இருக்கலாம், தப்பில்ல, ஆனா ரெண்டு வருசத்துல கோழிக்கு வயசாகி முட்டை கொறைஞ்சதும் திரும்ப குஞ்சுக்காரர் வண்டிக்காக தெருமுனையில நிக்கணும்.

வருசத்துக்கு வார சுத்து எண்ணிக்கைய கூட்டணும்னா ஒரு வழி இருக்கு. குஞ்ச தாய்கிட்ட இருந்து சீக்கிரமே பிரிச்சுட்டா தாய் ரெண்டு மூணு வாரத்துல மறுபடி முட்டைக்கு வந்துரும். ஆனா தாய் குடுத்த சூட்ட நாமதான் பல்ப் போட்டு குடுக்கணும், மொத வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு டிகிரியா கொறைக்கணும். ராத்திரி கரண்டு போனா என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சுட்டு எறங்குங்க. ஐப்பசி கார்த்திகை அடைமழையில இந்த சோதனைய வச்சுக்கிடாதீங்க.

அடையே வேண்டாம், முட்டை போதும்ங்கவங்க கோழிய தண்ணியில முக்குவாங்க, இல்லன்னா மூக்குல இறக குத்தி விடுவாங்க. மூக்குல குத்துதது பாவம், தேவையும் இல்ல. அடிப்பக்கம் காத்து போக கம்பி போட்ட கூண்டுல கூளம் எதுவும் போடாம மூணு நாலு நாள் விட்டா வயிறு குளுந்து, புரோலாக்டின் எறங்கி தானா தெளிஞ்சிரும்.

கலப்பு எந்த வழியா நுழையுது

பெட்டை அஞ்சும் அசல் சிறுவிடை, ஆனா தெருவுல சுத்துத சேவல் பக்கத்து வீட்டு சோனாலின்னா? இங்கதான் ஒரு சங்கதி நெறையப் பேருக்கு தெரியாது. பெட்டைக்கோழி ஒரு தடவ சேவலோட சேந்தா அந்த விந்த முட்டைக்குழாய்ல உள்ள சின்னச் சின்ன பையில சேத்து வச்சிருக்கும், ரெண்டு வாரம் வரைக்கும் நல்லா கருக்கட்டும், சிலது மூணு வாரம் கூட தாங்கும். அதனால "நேத்துதான் அந்த சேவல வெரட்டிட்டேன், இன்னைக்கு முட்டைய அடை வைக்கேன்"னா அது கலப்பு முட்டைதான். வேற சேவல் போட்டு மூணு வாரம் கழிச்சு விழுந்த முட்டையத்தான் நம்பி வைக்கணும்.

கலப்புல மொத தலைமுறை ஏமாத்தும். நல்லா வளரும், எடை பிடிக்கும், "ஆகா"ன்னு தோணும். அதுலயே சேவலும் பெட்டையும் எடுத்து அடுத்த தலைமுறை போனா குணம் செதறும், ஒண்ணு அடையில படுக்கும் ஒண்ணு படுக்காது, இன்னொண்ணு ரெண்டு நாள் படுத்துட்டு பாதியில எந்திரிச்சுப் போயிரும். பாதியில எந்திரிக்கது எல்லாத்தையும் விட மோசம், பன்னெண்டு முட்டையும் குப்பைக்கு.

திருப்பி எடுக்க வழி இருக்கு. நல்ல சிறுவிடை சேவல் மட்டும் போட்டுக்கிட்டே வந்தா பெட்டை முழுக்க வேறயா இருந்தாலும் மொத தலைமுறையில பாதி, ரெண்டாவதுல முக்கால், மூணாவதுல எட்டுல ஏழு, நாலாவதுல பதினாறுல பதினஞ்சு பங்கு சிறுவிடை. ஆனா ஒவ்வொரு தலைமுறைக்கும் வேற வேற ஊரு சேவல் வேணும். அப்பன் சேவலயே மக பெட்டைக்கு விட்டா, இல்ல கூடப்பொறந்தத சேத்தா, மரபணுவுல நாலுல ஒரு பங்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாவே வந்து மாட்டும், அப்ப கருக்கட்டாத முட்டையும் முட்டைக்குள்ளயே சாவுத குஞ்சும் கூடும். எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல், வருசத்துக்கு ஒரு தடவ, மிஞ்சிப்போனா ரெண்டு வருசத்துல மாத்திருங்க. அம்பாசமுத்திரத்து ஆளும் நாங்குநேரி ஆளும் சேவல மாத்திக்கிட்டா ரெண்டு பேருக்கும் காசு செலவில்ல.

அடை வைக்கது

நம்ம ஆச்சிமாரு வைக்கதப் பாத்தா தெரியும். ஓரம் பிஞ்ச ஓலக்கடவம், இல்லன்னா அகலமான பழைய சட்டி, அடியில ஆத்து மணலு, அதுக்கு மேல வைக்கோல கையால சுத்தி குழியா அமுக்கி, ஒவ்வொரு முட்டையா காது பக்கத்துல கொண்டு போய் லேசா ஆட்டிப் பாப்பாங்க. சலசலன்னா கூமுட்டை, ஓரமா வச்சிருவாங்க. கடைசியா ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் சொருகுவாங்க, இடி இடிச்சா முட்டை கெட்டுரும்னு. கரித்துண்டால ஒண்ணும் ஆகப்போறதில்ல, அதனால கெடுதலும் இல்ல, ஆச்சிகிட்ட போய் வாக்குவாதம் பண்ண வேண்டாம். அவங்க செய்யுததுல மிச்சம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாம கூடுதலா கவனிக்க வேண்டியது:

1. முட்டை போட்டு ஏழு நாளுக்குள்ள வச்சிரணும், நம்ம சித்திரை வெயிலுக்கு இன்னும் முந்தி. அது வரைக்கும் சேத்து வைக்கும்போது கூர் முனை கீழ இருக்கணும். முட்டைய கழுவக்கூடாது, ஓட்டு மேல உள்ள மெல்லிசான பூச்சு போச்சுன்னா கிருமி உள்ள போயிரும்.
2. சிறுவிடைக்கு 9-லேருந்து 12 முட்டை. ஆசப்பட்டு 15 வச்சா ஓரத்து முட்டைக்கு சூடு எட்டாது, கோழி உருட்டி உருட்டி மாத்தும்போது எல்லா முட்டையும் முறைவச்சு குளுந்து போகும்.
3. ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்ச முட்டைக்கு அடியில பிடிச்சுப் பாருங்க. செலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா உயிர் இருக்கு, வெறுமனே மஞ்சளா தெரிஞ்சா எடுத்துருங்க.
4. வைக்கதுக்கு முன்னாலயே கோழிக்கு பேன் இருக்கான்னு பாக்கணும். பேன் கடி தாங்காமதான் நல்ல கோழியும் அடையில இருந்து எந்திரிக்கு.

குஞ்சு வந்த பொறவு மொத ரெண்டு வாரம் பஞ்சாரம்தான். நொய்யும் கம்பும் போதும்னு விட்டுராதீங்க, குஞ்சுக்கு புரதம் வேணும். பழைய மண்பானையில ஈரச் சாணியும் கிழிஞ்ச சாக்கும் ஓலைத்துண்டும் அமுக்கி, கரையான் இருக்க எடத்துல சாயங்காலம் கவுத்து வச்சா காலையில பானை நெறைய கரையான் ஏறி இருக்கும். அத தட்டி விட்டதும் தாய்க்கோழி கொக்கொக்குன்னு கூப்புடுத சத்தமும் குஞ்சு விழுந்தடிச்சு ஓடி வாரதும் காணக் கண்ணு போதாது. செலவு பைசா இல்ல.

"நாட்டுக்கோழிக்கு நோயே வராது"ங்க பொய்

கூடு காலியாவது பெரும்பாலும் இந்த நம்பிக்கையாலதான். வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல், ராணிக்கெட் மூணும் ஒண்ணு. 1926-ல இங்கிலாந்து நியூகாசில்ல இனங்கண்ட அதே வைரஸ் நோய், நம்ம நாட்டுல ராணிக்கெட்ங்க மலையூர் பேரு ஒட்டிக்கிச்சு. பச்சையும் வெள்ளையுமா கழியும், வாயத் தெறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கிடும், கால் இழுத்துரும். தடுப்பூசி போடாத கூட்டத்துல வந்தா நாலஞ்சு நாள்ல சேவல்ல இருந்து குஞ்சு வரைக்கும் தொடச்சிட்டுப் போயிரும். வந்த பொறவு மருந்து கெடையாது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கீழாநெல்லி அரைச்சு குடுக்கது நல்லதுதான், குடுங்க, ஆனா தடுப்பூசிக்கு பதிலா குடுக்காதீங்க. தடுப்பூசி போடுத வரிசை இது:

1. ஏழாம் நாள்: எஃப் 1 சொட்டு மருந்து, கண்ணுல இல்ல மூக்குல ஒரு சொட்டு.
2. நாலாவது வாரம்: லசோட்டா, குடிதண்ணியில. ரெண்டு மணி நேரம் தண்ணி வைக்காம தாகத்துல விட்டு, குளோரின் இல்லாத கெணத்துத் தண்ணியில கலந்து வைக்கணும். பைப்புத் தண்ணி மருந்தக் கொன்னுரும்.
3. எட்டாவது வாரம்: ஆர்2பி ஊசி, றெக்கைப் பக்கம் தோலுக்கு அடியில அரை மில்லி. இத சின்னக் குஞ்சுக்கு போட்டுராதீங்க, ஊசியே நோய குடுத்துரும்.

மருந்து 2-லேருந்து 8 டிகிரி குளுமையிலயே இருக்கணும், கடையில வாங்கி வண்டி டேங்க் கவர்ல போட்டு வெயில்ல கொண்டு வந்தா வெறும் தண்ணிய போட்ட மாதிரிதான். வருசாவருசம் பிப்ரவரியில கால்நடைத்துறை இலவச முகாம் போடுதாங்க. வெயில் ஏறும்போதுதான் கழிச்சல் கெளம்பும், அதுக்கு முந்தி போடத்தான் அந்த மாசம். கால் இழுப்பு, கழுத்து முறுக்குன்னு எதாவது சந்தேகம் வந்தா பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரி, இல்லன்னா ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. செத்த கோழிய வாய்க்கால்ல வீசாதீங்க, அடுத்த ஊருக்கு நீங்களே நோய அனுப்பி வைக்கீங்க. சுண்ணாம்பு போட்டு குழியில பொதைங்க.

முட்டை நெறம், சின்ன வெளக்கம்

பழுப்பு ஓடு நாட்டு முட்டைக்கு அத்தாட்சி இல்ல. ஓட்டு நெறம் முட்டை வெளிய வரதுக்கு முந்தி கடைசி சில மணி நேரத்துல பூசப்படுத நிறமி, இனத்தப் பொறுத்தது, சத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பழுப்பு முட்டை போடுத பண்ணைக்கோழியும் நெறைய இருக்கு. சிறுவிடை முட்டை இளம் பழுப்பு, இல்லன்னா பழைய கதர் வேட்டி நெறம், 35-45 கிராம் எடை. "நாட்டு முட்டை" ஒவ்வொண்ணும் 60 கிராம் அச்சுல வாத்த மாதிரி இருந்தா அப்பமே சந்தேகப்படுங்க. மஞ்சக்கரு கருஞ்செவப்பா இருக்கது கோழி தின்ன கீரையாலயும் மக்காச்சோளத்தாலயும்.

பங்குனி உத்திரமும் பொலி சேவலும்

நம்ம பக்கம் இனம் கெட்டுப் போவதுக்கு சோனாலி பாதி காரணம்னா, மிச்சப் பாதி நாமளே. சாஸ்தா கோயில்ல நிக்க காவல் தெய்வங்களுக்கும், சுடலைமாடன் கொடைக்கும் சேவல் வேணும்னா எத பிடிக்கோம்? இருக்கதுலயே கொழுத்தது, கொண்டை நிமுந்தது, சீக்கிரமா வளந்தது. வியாபாரி வந்தாலும் அதத்தான் மொதல்ல கைகாட்டுவாரு, வெலையும் அதுக்குத்தான் கூட. வருசாவருசம் நல்ல சேவல் சாமிக்கும் சந்தைக்கும் போயிருது, நோஞ்சானா நின்னது வீட்ல தங்கி அடுத்த வருசத்து குஞ்சு அத்தனைக்கும் அப்பனாயிருது. தெரிஞ்சே செஞ்சாக்கூட ஒரு இனத்த இவ்வளவு கச்சிதமா தேய விட முடியாது.

அதனால குஞ்சு மூணு மாசமா இருக்கும்போதே, அடையில நல்லா படுத்த தாய்க்குப் பொறந்த சேவல்ல ரெண்ட பொறுக்கி கால்ல செவப்புக் கயிறு கட்டிருங்க. கயிறு கட்டுனது விக்கதுக்கும் இல்ல, நேந்து விடதுக்கும் இல்லன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. அப்படியும் நேர்ச்சைக் கடன், குடுத்தே ஆகணும்னு வந்துட்டா, வெரசா வேற சேவல தேடிப்பிடிச்சு உள்ள விட்டுராதீங்க. அது போன நாள்ல இருந்து பத்து நாளைக்கு விழுத முட்டைய தேதி எழுதி தனியா எடுத்து, எந்த முட்டையும் ஏழு நாள் தாண்டாம அடை வைங்க. கோயிலுக்குப் போன சேவலோட குஞ்சு அந்த முட்டைக்குள்ளதான் இருக்கு.